பேர் அடித்த பெட்டி

விருதுநகர்
5 ஆகஸ்ட் 2024

தம்பி சாபிருக்கு,

சீனிவாசகம் எழுதுவது. ஆறு தடவை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. ஏழாவது தடவை அடிக்க மானம் இடம் கொடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் போடலாமென்றால், நம் ஊர்ப்பக்கம் ஒருத்தருக்குப் போட்ட செய்தி பத்து நிமிடத்தில் வியாபாரிகள் குழுவில் படமாக வந்து நிற்கிறது. அதனால் காகிதத்தில் எழுதி, நம் வேன் டிரைவர் சங்கையா கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அவனிடமே கொடு.

தீபாவளி வெடிப் பெட்டிக்கு நீ அடித்து அனுப்பிய மாதிரி நேற்று வந்தது. மத்தாப்புப் படம் அழகு, மெருகும் அழகு. ஆனால் மூடியில் கடைப் பேர் இல்லை. "வாசகம் ஸ்டோர்ஸ்" என்று தங்க எழுத்து வருகிற இடத்தில் வெறும் சிவப்பு. உன் ஆட்கள் பிளேட்டை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நான் சிரித்தேன். கீர்த்திகா சிரிக்கவில்லை. சந்தேகப்படுவதில் என் மகள் அப்படியே அவள் அம்மா. "அப்பா, சாபிர் சித்தப்பா தப்பா அடிக்கிற ஆளா?" என்று கேட்டாள்.

தப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். பேரோடு இன்னொரு மாதிரி அனுப்பு. ஏழு கடைக்கும் சேர்த்து ஆறாயிரம் பெட்டி வேண்டும். ஏழாயிரம்பண்ணையில் மணிகண்டராஜ் வெடி நிரப்புவதற்குத் தயாராக இருக்கிறான். அவனும் பெட்டிக்குத்தான் காத்திருக்கிறான்.

அன்புடன்,
சீனிவாசகம்


திருத்தங்கல்
9 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

சாபிர் எழுதிக்கொள்வது. போனை எடுக்காதது என் தப்பு. எடுத்து உங்கள் குரலைக் கேட்டால் "சரிங்க அண்ணாச்சி" என்பதைத் தவிர என் வாயில் வேறு எதுவும் வராது. அந்தப் பயத்தில்தான் எடுக்கவில்லை. எழுதும்போது கொஞ்சம் தைரியம் வருகிறது.

பிளேட் மாறவில்லை அண்ணாச்சி. பேர் போட வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. பேரில்லாத பெட்டி என்றால், நாளைக்கு ஒன்று ஆனாலும் இன்னொரு கடைக்குத் தள்ளிவிடலாம். பேர் அடித்துவிட்டால் அது உங்கள் கடைக்கு மட்டும்தான். நீங்கள் எடுக்காவிட்டால் பழைய காகிதமாக எடைக்குப் போட வேண்டும். எங்கள் தொழிலில் ஒருத்தரை நம்புகிறாயா என்று வாய்விட்டுக் கேட்பது கிடையாது. பேர் அடித்தானா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

போன வாரம் வீட்டுக்காரி நாஜியாவை அழைத்துக்கொண்டு உங்கள் சாத்தூர் கடைக்குப் போயிருந்தேன். ஷாம்பு இருக்கிற தட்டில் முன்னால் ஒரு வரிசை பாட்டில், அதற்குப் பின்னால் வெறும் அட்டைப்பெட்டி. பாத்திரப் பொடி இருக்கிற இடத்திலும் அப்படித்தான். அந்த அட்டைப்பெட்டிகளில் பாதி நான் அடித்தது என்பதால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பில் போடுகிற பெண்ணிடம் கேட்டேன். "சரக்கு வரலைங்க. கம்பெனி வேனெல்லாம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருது, இங்கன திரும்ப மாட்டேங்குது" என்றாள். கருப்பணன் அண்ணன் எண்ணெய் மில்லில் உங்கள் கடைக்கு ரொக்கம் வைத்தால்தான் டின் ஏறுகிறது என்றும் கேள்விப்பட்டேன்.

யானை படுத்தாலும் குதிரை மட்டம். அது எனக்குத் தெரியும். ஆனால் படுக்கிற யானைக்கு அடியில் நான் அகப்பட்டுக்கொள்ளக் கூடாதே அண்ணாச்சி. பேரில்லாமல் ஆறாயிரமும் தருகிறேன். இந்த ஒரு வருஷம் அப்படி இருக்கட்டும்.

தங்கள்,
சாபிர்


விருதுநகர்
14 ஆகஸ்ட் 2024

சாபிருக்கு,

"இந்த ஒரு வருஷம்" என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டாய். அந்த மாதிரிப் பெட்டி என் மேசையில் கிடந்தது. திங்கட்கிழமை கருப்பணன் வந்தான். உட்காருவதற்கு முன்னால் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "பாய் பேர் போடலையாக்கும்?" என்றான். மாதிரிதானே என்றேன். தலையை ஆட்டினான். வரவழைத்த காபியைத் தொடாமல் போய்விட்டான். சாயங்காலம் சாத்தூர் செல்லக்கனி போன். பதினைந்து வருஷமாக எனக்குச் சேவும் முறுக்கும் போடுகிற பொம்பளை, "அண்ணாச்சி, இந்த மாசம் கை கொஞ்சம் மடக்கம்" என்கிறாள். கை யாருக்கு மடக்கம் என்று எனக்குத் தெரியாதா? மறுநாள் மூன்று வேன் வரவில்லை. உன்னுடைய ஒரு வெறும் பெட்டி ஏழு கடையையும் சுற்றித் தமுக்கு அடித்துவிட்டது.

செய்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்பார்கள். நான் சொல்லிக்காட்டத்தான் போகிறேன். உன் அத்தா காலத்தில் அச்சகத்தில் தீப்பிடித்துக் காகிதமெல்லாம் கரியானபோது, என் காலண்டர் ஆர்டரை நான் வேறு அச்சகத்துக்கு மாற்றவில்லை. தை மாதம் வரைக்கும் வந்தவர்களிடமெல்லாம் காலண்டர் இல்லை என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்த வருஷம் உன் அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீயும் பக்கத்தில் நின்றாய்.

எனக்கு இப்போது உன் பணம் வேண்டாம், கடன் வேண்டாம். மூடியில் என் பேர் வேண்டும். பேரோடு பெட்டி வந்து விருதுநகர் கடை வாசலில் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் போன வேனெல்லாம் தானாகத் திரும்பும். ஏழு கடையிலும் நூற்று நாற்பது பெண் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

சீனிவாசகம்


திருத்தங்கல்
20 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நாஜியாவிடம் காட்டினேன். "அத்தா பேரைச் சொல்லி அடிச்சுட்டாக" என்றாள். உண்மைதான். நீங்கள் அடிக்கிற இடம் தெரிந்து அடிக்கிறவர்.

கருப்பணன் அண்ணன் நேற்று அச்சகத்துக்கே வந்துவிட்டார். "பாய், நீங்க பேர் அடிச்சா நானும் லோடு ஏத்துறேன். நீங்க அடிக்கலைனா நானும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போகிறார். செல்லக்கனி அக்காவும் மணிகண்டராஜிடம் அதையே சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு பெட்டிக்காரன். ஊர் முழுவதும் என் மெஷினைப் பார்த்துக்கொண்டு நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. பயமாக இருக்கிறது.

அடிக்கிறேன் அண்ணாச்சி. அதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மதுரைக் கம்பெனி ஒன்றுக்கு நீங்கள் ஏழு கடையையும் கொடுக்கப் பேசிக்கொண்டிருப்பதாகப் பேச்சு அடிபடுகிறது. அது உண்மை என்றாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அப்படியானால் பேரில்லாமல் தருகிறேன், இருக்கிற வரைக்கும் விற்றுக்கொள்ளுங்கள். இல்லை என்றால், இல்லை என்று எழுத்தில் எழுதுங்கள். மற்றவர்கள் என்னைப் பார்த்து வரப்போகிறார்கள். நான் யாரைப் பார்த்துப் போவது?

தங்கள்,
சாபிர்


விருதுநகர்
23 ஆகஸ்ட் 2024

சாபிருக்கு,

விற்கவில்லை. விற்க மாட்டேன். என் பேர் மேல் சத்தியம்.

அடி.

சீனிவாசகம்


திருத்தங்கல்
24 அக்டோபர் 2024

சீனிவாசகம் அவர்களுக்கு,

"மதிப்பிற்குரிய" என்று எழுதி அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்கேயாவது தப்பாக இருந்தால் சொல்லுங்கள். உங்கள் சத்தியத்தை நம்பி ஆறாயிரம் பெட்டியிலும் பேர் அடித்துக் கொடுத்தேன். இந்த மாதம் பதினாறாம் தேதி என்னை விருதுநகருக்கு வரச்சொன்னீர்கள். பழைய பாக்கியும் இந்த வருஷத்துப் பெட்டிக் காசும் முழுக்கக் கொடுத்தீர்கள். எண்ணெய்ப் புரோட்டா வாங்கிக் கொடுத்து, இன்னும் ஒன்று வை என்று என் இலையில் நீங்களே வைத்தீர்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று திரும்புகிற வழியிலேயே கருப்பணன் அண்ணன் மில்லில் இறங்கினேன். "முழுசாக் கொடுத்துட்டாக அண்ணே, பயப்படாதீக" என்று சொன்னேன். செல்லக்கனி அக்காவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை, சந்தோஷத்தில் நானாகச் சொன்னேன். மறுநாள் காலையில் கருப்பணன் அண்ணன் இரண்டு லாரி எண்ணெய் ஏற்றினார். அக்கா தீபாவளிச் சரக்கு மொத்தத்தையும் அனுப்பினார்கள்.

பதினெட்டாம் தேதி மதுரை ஆட்கள் வந்து ஏழு கடையிலும் சரக்கைக் கணக்கெடுத்தார்கள். இருபத்திரண்டாம் தேதி உங்கள் போர்டை இறக்கினார்கள். நேற்று, உங்கள் பேர் அடித்த நாலாயிரம் பெட்டி ஏழாயிரம்பண்ணைக்குத் திரும்பி வந்துவிட்டது. "எங்க கடையில வேற பேர் போட்ட பெட்டி வைக்க மாட்டோம்" என்று மணிகண்டராஜிடம் சொல்லியிருக்கிறார்கள். தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. நாற்பது பெண்கள் உட்கார்ந்து தங்க எழுத்தின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். காகிதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வாசகம் சரக்கா, பாதி விலைக்குக் கொடு என்கிறான் வாங்க வருகிறவன்.

நேற்று மத்தியானம் கருப்பணன் அண்ணன், செல்லக்கனி அக்கா, மணிகண்டராஜ் என்று உங்களுக்குச் சரக்குப் போட்டவர்கள் ஐந்து பேர் சேர்ந்து என் அச்சகத்துக்கு வந்தார்கள். பழைய பில்லைப் பழைய முதலாளியிடம் கேள் என்று மதுரைக்காரன் கையை விரித்துவிட்டானாம். கருப்பணன் அண்ணன் உட்காரவில்லை. "பாய், உமக்கு எம்புட்டுக் கொடுத்தாரு?" என்றார். எனக்கு வரவேண்டியது முழுவதும் வந்துவிட்டது அண்ணே என்றேன்.

"அதக் கேக்கல. எங்களைக் கூட்டியாந்து விட்டதுக்கு எம்புட்டு?"

இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள்.

சாபிர்


விருதுநகர்
29 அக்டோபர் 2024

தம்பி சாபிருக்கு,

உன் கடிதத்தில் ஒரு தப்பும் இல்லை. தேதி எல்லாம் சரிதான்.

ஆகஸ்டில் நான் எழுதியது பொய் இல்லை. அன்றைக்கு விற்கிற எண்ணம் எனக்கு இல்லை. செப்டம்பரில் பாங்க்காரன் கழுத்தைப் பிடித்தான். மதுரைக்காரர்கள் இரண்டு விலை சொன்னார்கள். தட்டு காலியாக இருந்தால் கட்டிடத்துக்கு மட்டும் ஒரு விலை, மூன்று கடையை மூடிவிடுவார்கள். தட்டு நிறைந்திருந்தால் ஏழு கடையையும் எடுப்பார்கள், வேலைக்கு இருக்கிற எல்லாரையும் வைத்துக்கொள்வார்கள். நான் எதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், சொல். அந்தப் பெண் பிள்ளைகள் இன்றைக்கும் அதே கடைக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள். செப்டம்பரில் உனக்கு எழுதாமல் இருந்தேனே, அதைப் பொய் என்று சொல். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உனக்கு நான் ஒரு பைசா பாக்கி வைக்கவில்லையே சாபிர். எல்லாருக்கும் கொடுக்க முடியாது என்று தெரிந்த நாளில், ஒருத்தருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். உன் முகம்தான் வந்தது. கீர்த்திகாவுக்குக்கூட அன்றைக்குச் சொல்லவில்லை. நீ போய் எல்லாரிடமும் சொல்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சத்தியமாக எதிர்பார்க்கவில்லை.

அருப்புக்கோட்டை ரோட்டில் ஒரு இடம் இருக்கிறது. அது விலை போனால் மற்றவர்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பேன். அவர்களிடம் சொல்.

உன் அண்ணாச்சி,
சீனிவாசகம்


திருத்தங்கல்
4 நவம்பர் 2024

அண்ணாச்சிக்கு,

அந்த அன்பை நீங்கள் செய்யாமல் இருந்திருக்கலாம். ஐந்து பேருக்கும் போட்ட நாமத்தை எனக்கும் சேர்த்துப் போட்டிருந்தால், ஆறாவது ஆளாக அவர்களோடு நின்று உங்களைத் திட்டியிருப்பேன். மாலையில் எல்லாரும் சேர்ந்து டீ குடித்திருப்போம். இப்போது என் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை. மணிகண்டராஜ் அடுத்த சீசன் பெட்டியை விஸ்வநத்தத்தில் வேறு ஒருத்தரிடம் கொடுத்துவிட்டான். ராஜபாளையம் காலண்டர் ஆர்டர் இரண்டு போய்விட்டது. யாரும் சண்டை போடவில்லை. "பாய்க்கு வேலை சாஸ்தி இருக்கும்னு நெனச்சோம்" என்கிறார்கள்.

நீங்கள் கொடுத்த பணத்தை ஐந்து பங்காகப் பிரித்துக் கொண்டுபோனேன். செல்லக்கனி அக்கா கதவுப் பக்கத்தில் நின்றபடியே, "இதை வாங்கினா நாளைக்கு நாங்களும் கூட்டுனு ஆயிரும்" என்று சொல்லிவிட்டார்கள். மற்ற நாலு பேர் வீட்டுக்கு நான் போகவில்லை.

நாஜியா என்னிடம் ஒன்று கேட்டாள். "அவுக முழுசாக் கொடுத்தப்ப, மத்தவுகளுக்கும் கொடுத்துட்டீகளானு ஏன் நீங்க கேக்கல?" இதை உங்களுக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கேட்கத் தோன்றவில்லை அண்ணாச்சி. கை நிறைந்திருந்தது, வாய் மூடிக்கொண்டது. அந்த அளவுக்கு நானும் குற்றவாளிதான். ஆனால் அவர்கள் நினைக்கிற குற்றம் நான் செய்யவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, பத்தாம் தேதி, காலை பதினொரு மணிக்கு ஐந்து பேரையும் அச்சகத்துக்கு வரச்சொல்லியிருக்கிறேன். நீங்கள் வர வேண்டும். பணப் பேச்சு எடுக்க மாட்டோம் என்று கருப்பணன் அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார். "சாபிருக்கு ஒன்றும் தெரியாது, கடையை விற்றதை நான்தான் மறைத்தேன்" என்று அவர்கள் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லிவிட்டுப் போங்கள். அவ்வளவுதான். கடிதம் கொடுத்தனுப்ப வேண்டாம். உங்கள் எழுத்தை நம்பித்தான் பேர் அடித்தேன். அதைக் காட்டினால் கல்லால் அடிப்பார்கள்.

சாபிர்


விருதுநகர்
7 நவம்பர் 2024

சாபிருக்கு,

வருகிறேன்.

கீர்த்திகா வேண்டாம் என்கிறாள். ஐந்து பேர் முன்னால் மறைத்தேன் என்று சொன்னால் நாளைக்குக் கோர்ட்டில் வந்து நிற்கும் என்று வக்கீலும் சொல்கிறார். சொல்லட்டும். எனக்கு அதெல்லாம் பயம் இல்லை. செல்லக்கனி முகத்தைத்தான் எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் முதல் சரக்கை ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்து என் கல்லாவில் வைத்தவள்.

சங்கையாவை மதுரைக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் ஞாயிறு லீவு என்பதால் காரை ஓட்ட வருகிறேன் என்றிருக்கிறான். பதினொரு மணிக்கு முன்னாலேயே வந்துவிடுவேன்.

சீனிவாசகம்


திருத்தங்கல்
11 நவம்பர் 2024

அண்ணாச்சிக்கு,

நேற்று ஐந்து பேரும் பத்தே முக்காலுக்கு வந்துவிட்டார்கள். கட்டிங் மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தேன். உங்களுக்கு மட்டும் கைவைத்த நாற்காலி. பன்னிரண்டுக்கு நாஜியா இரண்டாவது தடவை டீ கொடுத்தாள். ரோட்டில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து வாசலுக்குப் போனேன். உங்களுக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தீர்கள். சங்கையாவுக்குப் போட்டேன். "அண்ணாச்சி சட்டையெல்லாம் போட்டு உக்காந்திருக்காக, கெளம்ப மாட்டேங்காக" என்றான். அது பன்னிரண்டரை மணிக்கு.

ஒன்றரை மணிக்குக் கருப்பணன் அண்ணன், "எங்கய்யா உம்ம அண்ணாச்சி?" என்றார்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான். அவர் வரமாட்டார், பயந்துவிட்டார், நம் ஆறு பேரையும் ஏமாற்றிவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஐந்து பேருக்கு நடுவில் உங்களை அப்படிச் சொல்ல எனக்கு வரவில்லை. நாக்கு பழகிப்போயிருக்கிறது.

"அண்ணாச்சிக்கு உடம்புக்கு முடியல. காலையிலேயே எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டாக" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. செல்லக்கனி அக்கா மணிகண்டராஜைப் பார்த்தார்கள். "காலையிலேயே பேசியாச்சா" என்றார்கள். "அப்ப தெனமும் பேசிக்கிட்டுத்தான் இருக்கீக." கருப்பணன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லாரும் எழுந்தார்கள்.

இருபது நாளாக அவர்களிடம் உண்மையை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றைக்கூட நம்பவில்லை. நேற்று உங்களுக்காக ஒரே ஒரு பொய் சொன்னேன். அதை ஐந்து பேரும் நம்பிவிட்டார்கள்.

சாபிர்